மிஞ்சிய பதினாறு குரோஷன்



ஒரு சிறு கணக்கோடு இப்பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகைக்கு முன்னே நின்றவனுக்கு வேறு விதமாகத் தொடங்கத் தெரியாது, பொறுத்தருள்க. ஒருவரிடம் 4 தாலரும் 16 குரோஷனும் இருக்கின்றன. இவை பழைய ஜெர்மானிய நாணயங்கள். 24 குரோஷன் சேர்ந்தது ஒரு தாலர். அவர் 2 தாலருக்குப் புத்தகங்கள் வாங்குகிறார். வாரத்துக்கு 6 குரோஷன் ஊதியத்தில் ஓர் ஆசிரியரை எட்டு வாரங்களுக்கு அமர்த்துகிறார். எஞ்சுவது எவ்வளவு?

இதற்குள் விடையைக் கண்டிருப்பீர்கள். எட்டு வார ஊதியம் 48 குரோஷன். அதாவது 2 தாலர். ஆகவே எஞ்சுவது 16 குரோஷன். கணக்கு இத்துடன் முடிந்தது. ஆனால் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. எஞ்சிய அந்தப் பதினாறு காசுகளைக் கொண்டு ஒருவர் என்ன செய்தார், அச் செயல் எவ்வாறு கடல் கடந்து நம் தஞ்சைத் தரணி வரை வந்து சேர்ந்தது என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

ஜெர்மனி நாட்டில் சாலே என்னும் ஆற்றங்கரையில் ஹாலே என்ற நகரம் உள்ளது. உப்பு ஊற்றுகளால் பண்டைக் காலம் முதலே பெயர் பெற்ற ஊர் அது. ஆயினும் பதினேழாம் நூற்றாண்டு அதற்குத் துன்பக் காலமாகவே அமைந்தது. 1618 முதல் 1648 வரை நடைபெற்ற முப்பதாண்டுப் போர் அந்நாட்டுப் பகுதிகளைப் பாழாக்கிற்று. 1680-இல் ஹாலே பிராண்டன்பர்க் அரசுக்கு உட்பட்டது. அதனால் அங்கிருந்த அரச மாளிகையின் பரிவாரம் வேற்றூருக்குப் பெயர்ந்தது. அதை நம்பி வாழ்ந்தோர் பிழைப்பிழந்தனர். சில ஆண்டுகளுக்குள் கொள்ளைநோய் வந்தது. வீடு வீடாக மக்கள் மாண்டனர். தாய் தந்தையரை இழந்த பிள்ளைகள் தெருவுக்கு வந்தனர்.

அந்நகரின் மதிலுக்கு வெளியே கிளௌகா என்ற ஏழைச் சிற்றூர் ஒன்று இருந்தது. அங்கிருந்த ஏறத்தாழ 200 வீடுகளுள் 37 மதுக்கடைகளாக இருந்தன என்று வரலாற்று ஆசிரியர்கள் கூறுவர். ஐந்தாறு வீட்டுக்கு ஒரு மதுக்கடை என்றால், அவ்வூர்ப் பிள்ளைகளின் நிலை எவ்வாறு இருந்திருக்கும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1692-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இச்சிற்றூரின் திருச்சபைக்குக் குருவாக வந்தவர் அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்பவர். அவருக்கு அப்போது வயது இருபத்தெட்டு. ஹாலேயில் புதிதாக உருவாகி வந்த பல்கலைக்கழகத்தில் அவர் மொழிப் பேராசிரியராகவும் அமர்த்தப்பட்டார். காலையில் கிரேக்கமும் எபிரேயமும் கற்பிக்கும் பேராசிரியர். மாலையில் மதுக்கடைத் தெருவின் ஏழைகளுக்குக் குரு. இவ்விரு வாழ்வுக்கும் நடுவே இருந்த இடைவெளிதான் அவரை உறுத்தியது போலும்.

கிளௌகாவின் ஏழைகள் வாரந்தோறும் வியாழக்கிழமையன்று குருவின் வீட்டு வாயிலுக்கு வந்து ரொட்டி வாங்கிச் செல்வது வழக்கம். நம் நாட்டில் வெள்ளிக்கிழமைகளில் வாசலுக்கு வருவோர்க்கு அரிசி இடுவது போன்றதே அது. இட்டவர்க்கும் மன நிறைவு; பெற்றவர்க்கும் ஒரு வேளை உணவு. அடுத்த வாரம் அதே முகங்கள், அதே கை, அதே ரொட்டி. பிராங்கே இதைச் சில காலம் கண்டார். பின் ஒரு நாள் அவர்களை வாயிலில் நிறுத்தாமல் வீட்டுக்குள் அழைத்து அமர வைத்தார். முதியோரை ஒரு புறமும் பிள்ளைகளை ஒரு புறமும் இருத்தி, கால் மணி நேரம் சமயப் பாடத்தில் எளிய வினாக்களைக் கேட்டார். பிள்ளைகளுக்கு எதுவும் தெரியவில்லை. எழுத்தும் தெரியவில்லை. பள்ளிக் கட்டணம் செலுத்தப் பெற்றோரிடம் பொருள் இல்லை என்பது தெரிய வந்தது.

பசித்து வந்தவரிடம் ரொட்டி தருவதற்கு முன் பாடம் கேட்பது முறையா என்று உங்களுள் சிலர் வினவக்கூடும். முறையான வினாதான். கையேந்தி நிற்பவன் கேள்விக்கு விடை சொல்லாமல் வேறென் செய்வான்? அந்த வினாவை நானும் எனக்குள் கேட்டதுண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விடை தெரியாத பிள்ளைகளைப் பிராங்கே வெறுங்கையோடு அனுப்பவில்லை. அவர்களது அறியாமையைத் தமக்கு இடப்பட்ட வேலையாக எடுத்துக் கொண்டார். தேர்வில் தோற்றவர்கள் பிள்ளைகள் அல்லர், தாமும் தம் சபையுமே என்று அவர் கருதினார். அங்கேதான் அவர் பிறரினின்றும் வேறுபடுகிறார்.

முதலில் அவர் செய்தது பள்ளிக் கட்டணத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தது. பிள்ளைகள் காசைத் தவறாது வந்து பெற்றுச் சென்றனர். பள்ளிக்குத்தான் ஒழுங்காகச் செல்லவில்லை. பின்னர் 1695-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தம் வீட்டு அறையில் ஓர் உண்டியலை வைத்தார். ஏழைக்கு இரங்குவதைப் பற்றிய திருமறை வாசகங்களை அதன்மேல் எழுதினார். வருவோர் போவோர் மனமுவந்து இட்டதை ஏழைகளுக்கென்று எடுத்து வைத்தார்.

அவ்வாண்டு ஈஸ்டர் திருநாளை ஒட்டி அந்த உண்டியலில் ஒரே முறையாக 4 தாலரும் 16 குரோஷனும் விழுந்தன. பெருஞ்செல்வர்க்கு அது ஒரு தொகையே அன்று. பிராங்கேவுக்கோ அது தகுதி வாய்ந்த முதலாகத் தோன்றியது. இதைக் கொண்டு நிலையான ஒன்றைச் செய்தாக வேண்டும், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்குவேன் என்று அவர் உறுதி கொண்டார். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. அன்றே 2 தாலருக்குப் புத்தகம் வாங்கினார். ஏழைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரை நாளுக்கு இரண்டு மணி நேரம் கற்பிக்குமாறு வாரம் 6 குரோஷனுக்கு அமர்த்தினார். எட்டு வாரத்தில் பணம் தீர்ந்துவிடும். அதற்குள் மேலும் வரும் என்பது அவர் நம்பிக்கை. பள்ளிக்கூடம் எது? தம் படிப்பறைக்கு முன்னிருந்த அறையே பள்ளிக்கூடம்.

புத்தகங்கள் 27 பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டன. பிள்ளைகள் மகிழ்ச்சியோடு பெற்று வீடு சென்றனர். மறுபடி வந்தவர்கள் எத்தனை பேர்? நான்கு பேர்! ஏனையோர் புத்தகத்தோடு மறைந்தனர். விற்றவர் விற்றிருப்பர், தொலைத்தவர் தொலைத்திருப்பர்.

மாணவர்களே, இந்த இடத்தில் வரலாற்றைச் சற்று நிறுத்திவிட்டு, என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். பெருமைக்காக அன்று, நாணத்தோடுதான் சொல்லுகிறேன்.

நான் பயிற்சி பெற்று ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்கக் காலம் அது. காவிரியின் கிளையாறு ஒன்றின் கரையில் அமைந்த சிற்றூரின் பள்ளியில் பணி. அங்கே நான் ஆர்வ மிகுதியால் ஏழை மாணவர் நிதி ஒன்றைத் தொடங்கினேன். தகரப் பெட்டி ஒன்றில் துளையிட்டு ஆசிரியர் அறையில் வைத்தேன். ஓராண்டில் சேர்ந்த பணத்தைக் கொண்டு பன்னிரண்டு ஆங்கில - தமிழ் அகராதிகள் வாங்கினேன். முதல் அகராதியை எட்டாம் வகுப்பில் நன்கு படித்துவந்த ஓர் ஏழை மாணவனுக்குக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் என் கையாலேயே வாழ்த்தும் எழுதினேன். ஒரு திங்கள் கழியுமுன் அடுத்த ஊரின் பழைய புத்தகக் கடையில் அதே அகராதியைக் கண்டேன். என் கையெழுத்தே என்னைப் பார்த்து நகைத்தது.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் அம் மாணவனை எழுப்பி நிற்க வைத்தேன். நன்றி கொன்றவர்க்கு உய்வில்லை என்னும் பொருள்பட நீண்டதோர் உரை நிகழ்த்தினேன். அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. அதன்பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. எஞ்சிய பதினோர் அகராதிகளையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தகுதியுடையவன் வரட்டும், பார்த்துக் கொடுக்கலாம் என்றிருந்தேன். யாரைப் பார்த்தாலும் தகுதியில் ஐயம். ஆறு ஆண்டுகளுக்குப் பின் எனக்கு மாற்றல் ஆணை வந்தது. பொறுப்பை ஒப்படைப்பதற்காக அலமாரியைத் திறந்தேன். பதினோர் அகராதிகளும் இருந்தன. இராமபாணப் பூச்சி அவற்றை அட்டை முதல் அட்டை வரை துளைத்திருந்தது.

ஓர் அகராதியை அவன் விற்றான். பதினொன்றை நான் அழித்தேன். எவர் குற்றம் பெரிது?

பிராங்கேயின் வரலாற்றை நான் படித்தது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. 27 பிள்ளைகளில் நால்வரே திரும்பினர் என்ற வரியைக் கண்டதும் நூலை மூடிவிட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்தேன். அவர் என்ன செய்திருப்பார் என்று அறிய ஒருபுறம் ஆவல், மறுபுறம் அச்சம். பின் நூலைத் திறந்தேன். அவர் யாரையும் அழைத்து ஏசியதாக அங்கே இல்லை. எஞ்சியிருந்த 16 குரோஷனை எடுத்தார்; அதைக் கொண்டு மறுபடியும் புத்தகம் வாங்கினார். இம்முறை ஒரே ஒரு மாற்றம் செய்தார். பாடம் முடிந்ததும் புத்தகங்களைப் பள்ளியிலேயே வைத்துவிட்டுச் செல்ல வேண்டும் என்று விதித்தார். அவ்வளவே!

இதனைச் சிறு செய்தி என எண்ணற்க. ஏமாற்றம் நேர்ந்தபோது மனிதர் இருவகையாக நடந்து கொள்வர். சிலர் கையை மூடிக் கொள்வர். இரக்கமே மடமை என்பர். சிலர் கண்ணை மூடிக் கொள்வர். எத்தனை முறை இழந்தாலும் அதே முறையில் இறைத்துக் கொண்டே இருப்பர். பிராங்கே கையையும் மூடவில்லை, கண்ணையும் மூடவில்லை. பிள்ளைகளைக் குறை கூறாமல் முறையைத் திருத்தினார். வறுமையில் உள்ள வீட்டுக்குள் விற்கத் தக்க பொருள் ஒன்று சென்றால் அது விற்கப்படும் என்ற எளிய உண்மையை உணர்ந்து, அப்பொருளை வைக்கும் இடத்தை மாற்றினார். தொண்டு என்பது உணர்ச்சி மட்டும் அன்று; அஃது ஒரு தொழில்; அதற்குரிய நுட்பத்தைக் கற்றாக வேண்டும் என்பதை ஐரோப்பாவுக்கு எடுத்துக் காட்டிய இடங்களுள் கிளௌகாவின் அச்சிற்றறையும் ஒன்று.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரைந்து கூறுகிறேன். சில திங்களுக்குள் பள்ளியின் நற்பெயர் பரவியது. பணம் செலுத்தக் கூடியவர்களும் தம் பிள்ளைகளை அனுப்பத் தொடங்கினர். பிராங்கே அண்டை வீட்டில் அறைகளை வாடகைக்கு எடுத்தார். பள்ளியில் கற்பதை வீட்டுச் சூழல் கெடுத்துவிடுகிறது என்று கண்டபோது, அநாதைப் பிள்ளை ஒருவரையேனும் முழுப் பொறுப்பில் வளர்த்தல் வேண்டும் என்று விரும்பினார். அவ்வேளையில் 500 தாலர் நன்கொடையாக வந்தது. ஒருவரை எடுக்க எண்ணியபோது நால்வர் கொண்டுவரப்பட்டனர். நால்வருள் யாரைத் தள்ளுவது? நால்வரையும் ஏற்றார். 1695-ஆம் ஆண்டு முடிவதற்குள் நால்வர் ஒன்பதின்மர் ஆயினர். அப்பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பை நாய்பவர் என்ற இளம் மாணவர் ஏற்றார். 1697-இல் அவர் ஹாலந்து நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அங்குள்ள அநாதை இல்லங்கள் எவ்வாறு கட்டப்பட்டுள்ளன, எவ்வாறு நடத்தப்படுகின்றன என்று நேரில் கண்டு வருவதே அவர் பணி. நல்லெண்ணம் மட்டும் போதாது, கற்றுக்கொண்டு செய்ய வேண்டும் என்னும் அதே நெறியை இங்கும் காணலாம்.

1698-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டில் பிராண்டன்பர்க் ஆட்சியாளர் அதற்குச் சிறப்புரிமைகள் வழங்கினார். எழுந்த கட்டடத்தின் முகப்பில் கதிரவனை நோக்கிப் பறக்கும் இரு கழுகுகளின் உருவம் அமைக்கப்பட்டது. இன்றும் அதனைக் காணலாம். நன்கொடையை மட்டும் நம்பாமல் நிறுவனம் தன் காலில் நிற்க வழி தேடியது. மருந்துச் சாலை ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே செய்த மருந்துகள் தொலைநாடுகளிலும் விலையாயின. எலர்ஸ் என்ற அன்பர், பிராங்கே ஏழைகளைக் குறித்து ஆற்றிய ஒரே ஒரு சொற்பொழிவை அச்சிட்டு லைப்சிக் நகரச் சந்தைக்கு எடுத்துச் சென்று விற்றார். அந்த ஒற்றைச் சிறு நூலிலிருந்து ஒரு பெரும் புத்தக நிலையம் வளர்ந்தது. 1701-இல் பிராங்கே தம் முயற்சியின் வரலாற்றை அச்சிட்டு வெளியிட்டார். உண்டியலில் விழுந்த 4 தாலர் 16 குரோஷனும், திரும்பி வராத 23 பிள்ளைகளும் அவ்வரலாற்றில் இடம் பெற்றுள்ளனர். தம் தோல்வியைக் கூட அவர் மறைக்கவில்லை. பிறர் பணத்தில் தொண்டு செய்வோர் ஒவ்வொருவரும் பின்பற்ற வேண்டிய நேர்மை அது.

ஆசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது ‘இலவச உணவு மேசை’ என்னும் ஏற்பாடு. ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்ற மாணவருள் பலர் மிக ஏழைகள், பசியோடு படித்தவர்கள். பிராங்கே 1696 முதல் அவர்களுக்கு இலவசமாக உணவு அளித்தார். கைம்மாறாக அவர்கள் நாள்தோறும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். கற்பிக்கும் முறையும் அவர்களுக்கு ஒழுங்காகப் பயிற்றுவிக்கப்பட்டது. பசித்த மாணவருக்கு உணவு. படிக்காத பிள்ளைக்கு ஆசிரியர். நாட்டுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் கூட்டம். ஒரு சோற்றுப் பானையால் மூன்று குறைகள் தீர்ந்தன. ஜெர்மனியின் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளின் தொடக்கத்தை ஆய்வோர் இம்மேசையைத் தவறாது குறிப்பிடுவர். பயிற்சிக் கல்லூரியில் பயின்று வந்த நான் அந்த மேசையின் தொலைதூர உறவினன் என்று எண்ணிக் கொள்வதுண்டு.

1727-இல் பிராங்கே மறைந்தபோது அவருடைய பள்ளிகளில் 2,200-க்கு மேற்பட்ட பிள்ளைகள் பயின்றனர். அநாதை இல்லத்தில் 134 பேர் வாழ்ந்தனர். ஆசிரியர் தொகை 175. நாள்தோறும் இலவச உணவு உண்ட மாணவர் ஏறத்தாழ 250 பேர்.

இவ்வளவும் கூறிய நான் குறையையும் கூறாதொழிவது வரலாற்றுக்கு நியாயம் ஆகாது. பிராங்கே விளையாட்டை விரும்பாதவர். பிள்ளைகளின் ஒவ்வொரு நாழிகையும் வேலையாலோ பாடத்தாலோ வழிபாட்டாலோ நிரப்பப்பட வேண்டும் என்றும், அவர்கள் எந்நேரமும் பெரியோரின் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும் என்றும் எண்ணினார். விளையாடாத பிள்ளை வளராத பயிர் என்பதை அனுபவத்தால் அறிந்தவன் நான். இதில் அவரோடு உடன்பட என்னால் இயலாது. பெரியோரிடத்தும் கொள்ளத் தக்கதைக் கொண்டு, தள்ளத் தக்கதைத் தள்ளுதலே கற்றவர்க்கு அழகு.

இனி அந்தச் சிற்றறையிலிருந்து நம் கடற்கரைக்கு வருவோம். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக் தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்குச் சமயத் தொண்டர்களை அனுப்ப விரும்பினார். அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட சீகன்பால்க், புளுட்சோ ஆகிய இருவரும் ஹாலேயில் பயின்றவர்கள். 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் அவர்கள் தரங்கம்பாடியில் இறங்கினர். சீகன்பால்க் நம் திண்ணைப் பள்ளியில் சிறுவரோடு சிறுவராக மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1707-இல் அங்கே பிள்ளைகளுக்கான அறப்பள்ளிகள் தொடங்கப்பட்டன. பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி ஏற்பட்டது. பிள்ளைகளுக்குக் கல்வியோடு உணவும் உடையும் அளிக்கப்பட்டன. கிளௌகாவின் முறையே இங்கும் பின்பற்றப்பட்டது என்பது வெளிப்படை. 1713-இல் ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்தன. அங்கிருந்து சென்ற கடிதங்களும் அறிக்கைகளும் 1710 முதல் ஹாலேயில் அச்சாகி ஐரோப்பா எங்கும் படிக்கப்பட்டன. தமிழர் வாழ்வைப் பற்றியும் தமிழ் நூல்களைப் பற்றியும் மேலைநாட்டார் பலர் முதன்முதலாக அறிந்தது அவற்றின் வாயிலாகவே.

இவர்கள் சமயம் பரப்ப வந்தவர்கள் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அவர்களே மறைக்கவில்லை. உதவி தருவோர் உதவி பெறுவோரின் நம்பிக்கையையும் விலையாகக் கேட்கலாமா என்ற வினா அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. அதற்கு நான் நூற்பா ஒன்றால் விடை கூறப் போவதில்லை. ஒரு நிகழ்ச்சியால் விடை கூற முயல்கிறேன்.

1726-இல் பிறந்த சுவார்ட்ஸ் என்பவர் ஹாலேயில் பயின்றவர். இந்தியாவிலிருந்து திரும்பியிருந்த சூல்ட்சே என்பவரிடம் அங்கேயே தமிழும் கற்றார். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தார், திருச்சிராப்பள்ளியில் பணியாற்றினார், பின் தஞ்சையில் நிலைத்தார். 1780-இல் ஐதர் அலியின் படை கருநாடகப் பகுதிக்குள் புகுந்தது. போர் தஞ்சை நாட்டையும் சூழ்ந்தது. வாய்க்கால்கள் பாழாயின, வயல்கள் தரிசாயின. காவிரி பாயும் நாட்டிலேயே சோற்றுக்குப் பஞ்சம் வந்தது. உயிர் பிழைக்க மக்கள் தஞ்சைக் கோட்டைக்குள் வந்து குவிந்தனர். தெருக்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன.

கோட்டைக்கு வெளியே சிற்றூர்களில் நெல் இருந்தது. அதனை உள்ளே கொண்டுவர எருதுகளும் இருந்தன. ஆனால் எவரும் கொண்டுவரவில்லை. ஏன்? முன்பு கொண்டுவந்தவர்க்கு உரிய பணம் தரப்படவில்லை. அரசின் சொல்லை மக்கள் நம்பவில்லை. அந்த இக்கட்டில் சுவார்ட்ஸ் உழவர்களுக்கு ஓலை அனுப்பினார். பணத்துக்குத் தாமே பொறுப்பு என்று எழுதினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எருதுகள் வந்து சேர்ந்தன. தமிழரான உபதேசியார்கள் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் நாட்டுப்புறத்துக்குச் சென்று மக்களைத் திரட்டினர். குறுகிய காலத்தில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. கொண்டுவந்தவர்களுக்கு இரவானாலும் காத்திருக்க வைக்காமல் உடனே பணம் கொடுத்து, சிறு அன்பளிப்பும் தந்து அனுப்பினார் சுவார்ட்ஸ். விலை மலிந்திருந்த காலத்தில் அவர் முன்னெச்சரிக்கையாக வாங்கி வைத்திருந்த நெல்லும் பசித்தோர்க்குப் பயன்பட்டது.

அந்த நெல்லைத் தின்றவர் எச் சமயத்தார்? கோட்டைக்குள் இருந்த எல்லாச் சமயத்தாரும். நெல் கொணர்ந்த உழவர்கள் யாவர்? பெரும்பாலோர் சிவனையும் திருமாலையும் ஊர்த் தெய்வங்களையும் வணங்கியவர்கள். அவர்கள் நம்பியது ஒரு சமயத்தை அன்று. ஒரு மனிதருடைய சொல்லை. 1695-இல் 23 பிள்ளைகளிடம் நம்பிக்கை இழக்காத ஒரு மரபு, 1781-ஐ ஒட்டிய அந்தப் பஞ்சத்தில் ஒரு நாட்டு மக்களின் நம்பிக்கைக்கு உரியதாயிற்று.

இன்னும் ஒன்று உண்டு. பிற்காலத்தில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னருக்கு இளமையில் காப்பாளராகவும் கல்வி வழிகாட்டியாகவும் இருந்தவர் சுவார்ட்ஸ். 1798-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் சுவார்ட்ஸ் மறைந்தார். சரபோஜி தம் முன்னோர் சமயத்திலேயே இறுதி வரை உறுதியாக நின்றார். ஆயினும் தம் ஆசானுக்காக இலண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல் நினைவுச் சின்னம் ஒன்றைச் செய்வித்தார். தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்தின் அருகேயுள்ள தேவாலயத்தில் அதனை இன்றும் காணலாம்: மரணப் படுக்கையில் சுவார்ட்ஸ், அவர் கையைப் பற்றி நிற்கும் மன்னர். ஒரத்தநாட்டில் சரபோஜி அமைத்த முக்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கர்க்கு உணவு கிடைத்தது. நோயாளிக்கு மருந்து கிடைத்தது. ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வியும் கிடைத்தது. சத்திரம் நம் மண்ணின் பழைய மரபு. அன்னதானம் நமக்குப் பிறர் கற்பித்தது அன்று. ஆயினும் உணவோடு பள்ளியையும் இணைத்து வளர்த்த அந்த மன்னரின் உள்ளத்தில் அவருடைய ஆசானின் வாழ்வும் ஒரு விதையாக விழுந்திருக்க வேண்டும் என நான் கருதுகிறேன்.

ஹாலேயில் பிராங்கேயின் நிறுவனங்கள் பல மாறுதல்களைக் கண்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946-இல் அவற்றின் தனியுரிமை பறிக்கப்பட்டது. ஜெர்மனி 1990-இல் ஒன்றுபட்ட பின்னர் அவை மீண்டும் நிறுவப்பட்டன. பழுதடைந்திருந்த கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டன. அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் தரங்கம்பாடியிலிருந்து சென்ற தமிழ் ஓலைச் சுவடிகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த புத்தகங்கள் காணாமற்போன ஊரில், நம் ஏடுகள் காணாமற்போகாமல் இருக்கின்றன. இது வியப்பன்றோ!

மாணவச் செல்வங்களே, நீங்கள் நாளை பிறருக்கு உதவும் நிலைக்கு உயர்வீர்கள். உங்கள் கோயில், உங்கள் பள்ளிவாசல், உங்கள் தேவாலயம், உங்கள் ஊர்ச் சங்கம், எதன் வாயிலாகவேனும் கொடுப்பீர்கள். அப்போது நிச்சயமாக ஏமாற்றப்படுவீர்கள். இதனை நான் ஒளிவின்றிச் சொல்லி வைக்கிறேன். கொடுத்த புத்தகம் விற்கப்படும். கொடுத்த பணம் வேறு வழியில் செலவாகும். அந்நாளில் உங்கள் கையில் எஞ்சியிருப்பதை எண்ணிப் பாருங்கள். பதினாறு காசேனும் இருக்கும். அதை என்ன செய்வது என்பதில்தான் உங்கள் தொண்டின் உண்மை வெளிப்படும்.

அகராதிகள் அழிந்த பின், நான் வேறொரு பள்ளிக்குத் தலைமையாசிரியனாகச் சென்றேன். அங்கே என் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் பூட்டில்லாத அலமாரி ஒன்றை வைத்து அகராதிகளை அடுக்கினேன். எவரும் எடுத்துப் பார்க்கலாம். மாலையில் வைத்துவிட்டுச் செல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு மறையும். ஒன்றிரண்டு வாங்கி வைப்பேன். நான் ஓய்வு பெற்ற நாளில் அவை எல்லாம் பிள்ளைகளின் விரல் பட்டு ஓரங்கள் கறுத்து, தைத்த நூல் அறுந்து கிடந்தன. பூச்சி அரித்தது ஒன்றுகூட இல்லை.

அன்று பெயர் சொல்லி எழுப்பி நிறுத்தினேனே, அந்த மாணவனுக்கு நான் செய்யத் தவறியதை அதனால் ஈடு செய்துவிட்டேன் என்று கூறமாட்டேன். அவனுக்குரிய பதினாறு குரோஷன் இன்னும் என் கணக்கில் நிற்கிறது.